அமிர்தவல்லி கொலை வழக்கு: இன்னும் விசாரணையில்

என் பெயர் கோதண்டபாணி. காவல் ஆய்வாளர். பணியில் சேர்ந்த நாளிலிருந்து இன்றுவரை நான் துப்பு துலக்கிய கொலை வழக்கு ஒன்றே ஒன்றுதான். அதையும் வெளியே சொல்ல முடியாது. சொன்னாலும் எங்கள் துறையில் ஒருவரும் நம்ப மாட்டார்கள் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

சூளை வேதாசலம் தெருவில் ஒரு பெண் கொலை என்று தகவல் வந்த மறுநாள் வழக்கை என்னிடம் ஒப்படைத்தவர் துணை ஆணையர் மகிழினி. என் மகளைவிட நாலைந்து வயதுதான் பெரியவர். மகா கெட்டிக்காரி. அப்படிப்பட்டவர் ஒரு கொலை வழக்கைத் தூக்கி என்னிடம் ஏன் கொடுக்கிறார் என்று எனக்கே புரியவில்லை.

"அந்தத் தெரு உங்களுக்குப் பழக்கம்தானே சார்," என்றார். "கீழ் வீட்டம்மா நேர்ல வந்து உங்களைத்தான் போடணும்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "நல்லா விசாரிச்சீங்களா? வேற கோதண்டபாணியா இருக்கப்போகுது," என்றாள்.

அந்தத் தெரு எனக்குப் பழக்கம்தான். சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு தண்ணீர் மோட்டார் திருடு போனது. இரண்டு கோடைகாலம் நான் விசாரித்தேன். தெருவில் நாயைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் மோட்டார் எங்கள் ஸ்டேஷன் மொட்டை மாடியில் இருந்தது. திருடனிடமிருந்து பறிமுதல் செய்த எங்கள் ஆட்களே, நல்ல மோட்டாராக இருக்கிறதே என்று எங்கள் தொட்டிக்கு மாட்டிவிட்டார்கள். இரண்டு கோடையும் நான் ஸ்டேஷனில் முகம் கழுவியது அந்த மோட்டார் ஏற்றிய தண்ணீரில்தான். வழக்குச் சொத்து என்பதால் இன்னும் அங்கேயேதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

தெரு இப்போது அடையாளம் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கண்ணாடிக் கட்டடங்கள், முனையில் மெட்ரோ வாசல். மெஸ் இருந்த இடத்தில் குளிரூட்டிய காபிக் கடை. அங்கேயும் இட்லிதான் விற்கிறார்கள், ஆனால் வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு பழைய மாடி வீடு மிச்சம். கீழ்ப் பகுதி ரோசலினுக்குச் சொந்தம். தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவர். மேல் பகுதியில் மாசிலாமணி, அவர் மனைவி அமிர்தவல்லி. கட்டட நிறுவனம் வீட்டைக் கேட்டு நடையாய் நடந்தும் அமிர்தவல்லி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். செத்துக் கிடந்தது அந்த அமிர்தவல்லிதான்.

சமையலறைத் தரையில் கிடந்தார். பின்மண்டையில் அடி. தாழ்ப்பாள் உடைந்திருந்தது. தாலியோடு சங்கிலியைப் பறித்துக்கொண்டு போய்விட்டான் என்று ரோசலின் புகார் கொடுத்தார். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், "அடிச்சும் இருக்கலாம், மேடை விளிம்புல விழுந்தும் இருக்கலாம். நீங்கதான் கண்டுபிடிக்கணும்," என்றார். அவர் ஊருக்குப் புதுசு. என்னைத் தெரியாது.

மாடிப்படி ஏறி உள்ளே நுழைந்ததும் ஒரு குரல் என்னை வரவேற்றது.

"வாங்க சார். எங்க மோட்டார் நல்லா ஓடுதா?"

செத்துப்போன அமிர்தவல்லியின் குரல். சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து வந்தது. மறுகுரல் என்று எல்லோரும் சொல்வார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற மிளகளவு கருவி. ஆள் உயிரோடு இருக்கும்போது வருடக்கணக்கில் கூடவே இருந்து அவர் பேச்சு, நினைப்பு, கோபம் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளும். நாடி நின்றதும் பெட்டியில் விழித்துக்கொண்டு அவராகவே பேசும்.

"அம்மா, உங்களுக்கு என்ன நடந்ததுன்னு தெரியுமா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"செத்துட்டேன். அதுகூடத் தெரியாதா? சாதாரணமா செத்திருந்தா பதினாறாம் நாள் கருமாதியோட என்னையும் அணைச்சிருப்பீங்க. சட்டம் அப்படித்தானே?"

"ஆமாம்மா. சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஜனங்க வேலைக்குப் போகாம பெட்டி முன்னாடியே உக்காந்துட்டாங்க. செத்தவங்களும் சும்மா இல்ல."

"பின்ன? எதிர்த் தெருவுல ஒரு வீட்டுக்காரர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சு வாடகை ஏத்தினாரே."

"அந்தப் புகார் என்கிட்டதான் வந்தது."

"அப்ப வாடகை இன்னும் ஏறிட்டுத்தான் இருக்கும்," என்றார். "ஆனா கொலைன்னா அணைக்க முடியாது. நான்தான் சாட்சி. வழக்கு முடியற வரைக்கும் பேசிட்டு இருக்கலாம். இந்த இடத்தை இடிக்கவும் முடியாது. சரிதானே சார்?"

சட்டத்தை என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறாரே என்று வியந்தேன். வியந்ததோடு நிறுத்திக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும் வழக்கை அங்கேயே பிடித்திருப்பார்கள். நான் ஓரமாக இருந்த அரிசி டிரம்மின் மேல் உட்கார்ந்து, "யாரும்மா அடிச்சது?" என்று கேட்டேன்.

"பின்னாலேர்ந்து அடிச்சான். முகம் பாக்கல. ஷூ சத்தம் மட்டும் கேட்டுது. விலை கூடின ஷூ. கிறீச் கிறீச்சுன்னு."

மறுகுரல் பொய் சொல்லாது என்பது அதைச் செய்கிறவர்களின் விளம்பரம். கோர்ட்டும் அதை நம்பியது. கோர்ட்டே நம்பும்போது நான் எம்மாத்திரம்? கிறீச் என்று சத்தம் போடும் ஷூ, கட்டட நிறுவனத்திலிருந்து கையெழுத்துக்காக வந்துபோன ஹரிபிரசாத் என்ற இளைஞனிடம் இருந்தது. வழக்கு முடிந்துவிட்டதாகவே நினைத்தேன்.

அப்போது உள்ளிருந்து மாசிலாமணி வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தார்.

"என்னங்க," என்றது பெட்டி. அதட்டாத, சாதாரணமான குரல். "நம்ம போலீஸ் சார்தான். பயப்படாதீங்க. அவருக்கு ஒரு டீ போடுங்க. நீலப் பாத்திரத்தை எடுங்க. தண்ணி பாதி. ஆங், போதும். அடுப்பைப் பத்த வைங்க."

மனிதர் அப்படியே அடங்கிவிட்டார். குரல் சொல்லச் சொல்ல டீ தயாரானது. தம்ளரை என்னிடம் கொடுக்கும்போது, "அமிர்தம் உள்ள துணி மடிச்சிட்டு இருக்கா. இப்ப வந்துடுவா," என்றார். டீ நன்றாக இருந்தது.

அதன்பிறகு மாதக்கணக்கில் விசாரித்தேன். ஹரிபிரசாத்தை எத்தனை முறை கூப்பிட்டேன் என்றால், ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரர் அவனைப் புதிதாகச் சேர்ந்த போலீஸ்காரன் என்றே நினைத்தார். அவனுக்கு எதிராக ஒன்றும் சிக்கவில்லை. கட்டட நிறுவனம் மேலிடத்தில் சத்தம் போட்டது. மகிழினி மேடம் மட்டும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "நிதானமா பாருங்க சார்," என்பார். இவ்வளவு பொறுமையான மேலதிகாரியை நான் பார்த்ததே கிடையாது. என் அனுபவத்துக்கு அவர் கொடுக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

என் மகள் கல்யாணத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது.

முகூர்த்த நேரம். மேளம் கொட்டுகிறது. பெண்ணின் அப்பா என்பதால் மேடையில் வெகு அருகில் நிற்கிறேன். மாப்பிள்ளை மஞ்சள் கயிற்றில் கோத்த தாலியை என் மகள் கழுத்தில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டான். பயத்தில் கை நடுங்கி முடிச்சு தொளதொளவென்று விழுந்தது. பின்னாலிருந்து அவன் தங்கை குனிந்து, நாத்தனார் போடவேண்டிய மற்ற இரண்டு முடிச்சுகளையும் நறுக்கென்று இறுக்கிப் போட்டாள். அட்சதை தலையில் விழுந்தது. நான் அப்படியே சிலையாக நின்றுவிட்டேன்.

இதே மாதிரி கழுத்தை வேறு எங்கோ பார்த்திருக்கிறேன்.

அவசரமாகப் போனை எடுத்து அமிர்தவல்லியின் படங்களைத் திறந்தேன். மண்டபமே பார்க்க, மகள் கல்யாண மேடையில் நின்று பிணத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அப்பன் நான்தான். கழுத்தில் மஞ்சள் கயிறு. கயிற்றில் தாலி. பிடரியில் ஒரு தொளதொள முடிச்சு, இரண்டு இறுக்கமான முடிச்சு. கழுத்தெல்லாம் உறைந்த ரத்தம், கயிறு மட்டும் கடையிலிருந்து வந்த மாதிரி சுத்தம். அப்படியென்றால் அவர் விழுந்த பிறகு கட்டப்பட்ட கயிறு.

தாலியோடு சங்கிலி பறிபோனதென்று புகார். அதில் என் கையெழுத்து இருக்கிறது. தாலியோடு கிடக்கும் பிணத்தின் படம். அதிலும் என் கையெழுத்து இருக்கிறது. இரண்டும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து மாதக்கணக்கில் இருந்திருக்கின்றன. கல்யாணமான பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருப்பது முகத்தில் மூக்கு இருப்பதைப் போல. யார் கவனிப்பார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். எந்தத் திருடன் சங்கிலியை எடுத்துக்கொண்டு, தாலியைக் கயிற்றில் கோத்து, ஆள் வைத்து நாத்தனார் முடிச்சும் போட்டுவிட்டுப் போவான்?

என் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, மகளைப் பிரியும் சோகம் என்று சம்பந்தி என் தோளைத் தட்டினார். நான் பந்திக்குக்கூட நிற்காமல் ஓடினேன். அன்றைக்கு என் மனைவி என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

பட்டு வேட்டியோடு மாடி ஏறி, மூச்சு வாங்க அரிசி டிரம்மில் உட்கார்ந்தேன். மாசிலாமணி ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ரோசலினும் ஏறி வந்து வாசற்படியில் நின்றார்.

"அம்மா, உங்களை யாரும் கொல்லல," என்றேன்.

பெட்டி, "இன்னிக்கு உங்க பொண்ணு கல்யாணமாச்சே. சாப்பிட்டீங்களா சார்?" என்றது.

"பேச்சை மாத்தாதீங்க. முடிச்சைப் பாத்துட்டேன். ஒண்ணு ஒருத்தர் போட்டது, ரெண்டு இன்னொருத்தர் போட்டது."

ரோசலின் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லிடு அக்கா. இதுக்கு மேல இன்னா மறைக்கறது."

"நெஞ்சு ரெண்டு தடவை மக்கர் பண்ணிச்சு சார்," என்றார் அமிர்தவல்லி. "டாக்டர் கையை விரிச்சுட்டார். எனக்குச் சாவறதுல பயம் இல்ல. இவரை நினைச்சாதான் பயம். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. குளிச்சோமா, தின்னோமான்னு இவருக்குத் தெரியாது. என் குரல் சொன்னா செய்வார். வேற யார் சொன்னாலும் நடுங்கிப்போய் மூலையில உக்காந்துக்குவார்."

"ஒருவாட்டி நான் சோறு ஊட்டப் போனேன்," என்றார் ரோசலின். "திருடி திருடின்னு கத்துச்சு சார் அண்ணன்."

"அதனால ரோசலின்கிட்ட சொல்லி வச்சேன். நான் எப்படிச் செத்தாலும் அதைக் கொலையாக்கிடுன்னு. வழக்கு நடக்கற வரைக்கும் நான் இவர்கூட இருக்கலாம். இவர்கிட்ட கையெழுத்தை ஏமாத்தி வாங்கி இந்த வீட்டையும் இடிக்க முடியாது. இந்த வீட்டை விட்டா இவருக்குக் கக்கூஸுக்கு வழி தெரியாது."

"மறுகுரல் பொய் சொல்லாதுன்னாங்களே?"

"உயிரோட இருந்தப்ப உங்ககிட்ட எவ்வளவு பொய் சொல்லியிருக்கேன். செத்ததும் அரிச்சந்திரி ஆயிடுவேனா?"

"அந்த முடிச்சு?"

ரோசலின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலைல வந்து பாக்கறேன், அக்கா கீழ கெடக்குது. தல மேடையில பட்டு ரத்தம். அழுதுக்கினே தாப்பாள ஒடச்சேன். சங்கிலிய கழட்டிக்கினேன். அப்பதான் அண்ணன் எழுந்து வந்துச்சு. இவ கழுத்து ஏன் மொட்டையா கீதுன்னு கேட்டுச்சு. சாமி மாடத்துல இருந்த மஞ்சக் கயித்த அதுவே எடுத்துக்கினு, என் கையில இருந்த தாலிய வாங்கிக் கோத்து, அக்கா கழுத்துல கட்டுச்சு. ஒரு முடிச்சுப் போட்டுட்டு என்னைப் பாத்து, 'இன்னா நிக்கிற, நாத்தனார் முடிச்சு போடு'ன்னுச்சு. நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கு இன்னா தெரியும்? அது காட்டின மாதிரி ரெண்டு போட்டேன். அப்புறமா அவுத்துடணும்னுதான் இருந்தேன். மனசு வரல சார்."

காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாத மனிதருக்கு அது மட்டும் தெரிந்திருக்கிறது. கட்டியதை அன்றைக்கு மத்தியானமே மறந்தும் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"சங்கிலி எங்கே?" என்று கேட்டேன், போலீஸ்காரன் என்பது நினைவுக்கு வந்தவனாக.

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுக்குள்ள," என்றார் அமிர்தவல்லி. "முதல் நாள்லேர்ந்து அது மேலதான் உக்காந்து விசாரிக்கிறீங்க."

எழுந்து நின்றேன். இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. "நான்தான் வரணும்னு ஏன் கேட்டீங்க?"

ரோசலின் மேலே விட்டத்தைப் பார்த்தார். "நீங்க நல்ல மனுஷன் சார்."

"அது இல்ல."

"மோட்டார் சார்," என்றார் அமிர்தவல்லி மெல்ல. "கோச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை என்றால் பொய். ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர்கள் கணக்கில் தப்பில்லை. ஊரில் எத்தனையோ போலீஸ்காரர்கள் இருக்க, ஒரு வேலைக்கு நான்தான் பொருத்தம் என்று தேடி வந்தவர்கள் இவர்கள் மட்டும்தான்.

"எல்லாம் சரி," என்றேன். "அந்த ஹரிபிரசாத் பையன் என்னம்மா பாவம் செஞ்சான்? கொலைகாரன்னு பேராகி, நிச்சயம் பண்ணின கல்யாணம் நின்னுபோச்சு."

இந்த முறை அமிர்தவல்லி பேச்சை மாற்றவில்லை. "அது தப்பு சார்," என்றார். "இவரைத் தவிர வேற எதுவும் என் கண்ணுக்குத் தெரியல. ஷூ சத்தம் இல்லைன்னு எழுதிக்குங்க. வெறுங்காலோட வந்தான். அந்தப் பையன் குரலும் இல்ல, அவன் உயரமும் இல்ல. அவனை விட்டுடுங்க."

அப்படியே எழுதினேன். அதோடு, பெண் வீட்டுக்கு நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்ணின் அப்பா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். விசாரித்த அதிகாரி யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். "கோதண்டபாணி சந்தேகப்பட்டவனா? அப்ப பையன் சொக்கத் தங்கம்," என்று அந்த இடத்திலேயே தேதி குறித்துவிட்டார்.

ஆனால் என் நிலைமைதான் சிக்கல். ஓய்வு பெற மூன்று மாதம்தான் இருந்தது. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கோப்பில், துப்பு துலங்கியது என்று எழுதிவிட்டுப் போகலாம். எழுதினால் ரோசலின் ஜெயிலுக்குப் போவார், பெட்டியை அணைப்பார்கள், வீட்டை இடிப்பார்கள், மாசிலாமணி எங்கோ ஒரு மூலையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எழுதாவிட்டால் எனக்குப் பின்னால் வருகிற புத்திசாலி எவனாவது ஒரே வாரத்தில் கண்டுபிடிப்பான். என்னைப் போல இன்னொருவன் கிடைப்பது கஷ்டம்.

மகிழினி மேடம் கூப்பிட்டனுப்பினார். போகும் வழியெல்லாம் இரண்டு விதமாகவும் பேசிப் பார்த்தேன். உள்ளே போனதும் வாயில் வந்தது இதுதான்: "ஒண்ணும் கிடைக்கல மேடம். ஹரிபிரசாத்தும் இல்லன்னு ஆயிடுச்சு."

அவர் மேசைத் திரையில் ஒரு படத்தைத் திறந்தார். அமிர்தவல்லியின் கழுத்து.

"இந்த முடிச்சைப் பாத்தீங்களா சார்?"

"கல்யாணமானவங்க மேடம். முடிச்சு இருக்கும்."

"முதல் முடிச்சு தளர்வா இருக்கு. மத்த ரெண்டும் இறுக்கமா இருக்கு."

"வெளிச்சம் சரியில்ல. அப்படித் தெரியுது."

"கயித்துல ரத்தமே இல்ல."

"நல்ல கயிறு மேடம்," என்றேன். என் வாழ்நாளில் இதைவிட மட்டமான பதிலை யாருக்கும் சொன்னதில்லை.

அவர் படத்தை மூடினார்.

"எங்கப்பா குரலைப் பதினாறாம் நாள் நான்தான் அணைச்சேன்," என்றார். "நேரமாச்சு, கைய வச்சுட்டேன், அப்ப கேக்கறார், 'சாப்பிட்டியாம்மா?'ன்னு. பதில் சொல்லிட்டு அணைச்சிருக்கலாம். வேலையை முடிக்கிற அவசரத்துல அணைச்சுட்டேன்."

தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"இந்தப் படம் வந்த அன்னிக்கே முடிச்சைப் பாத்துட்டேன் சார். அப்புறம்தான் யாரை இதுக்குப் போடலாம்னு யோசிச்சேன். அந்தம்மா வந்து உங்க பேரைச் சொன்னாங்க. உங்க பழைய வழக்கெல்லாம் எடுத்துப் படிச்சேன். அவங்க சொன்னது சரின்னு பட்டுது."

ஆக, நான் கண்டுபிடித்த ஒரே ரகசியம் எனக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. நான் செய்த ஒரே தியாகத்தையும் வேறொருவர் திட்டம் போட்டு வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்குப் பணி நீட்டிப்பு கேட்டு எழுதியிருக்கேன்," என்றார். "சிக்கலான வழக்கு, அனுபவமுள்ள அதிகாரி தேவைன்னு."

அன்று சாயங்காலமே வேதாசலம் தெருவுக்குப் போனேன். டிரம்மின் மேல் உட்கார்ந்தேன். இப்போது அதன் மேல் ரோசலின் தைத்துப் போட்ட ஒரு மெத்தை இருந்தது.

"கொலைகாரன் கிடைச்சானா சார்?" என்றார் அமிர்தவல்லி.

"தேடிக்கிட்டிருக்கேம்மா. நாளாகும்."

மாசிலாமணி குரல் சொன்னபடி நீலப் பாத்திரத்தில் டீ போட்டு, கொட்டாமல் கொண்டுவந்து கொடுத்தார். என் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, கவலையோடு உள் அறைப் பக்கம் திரும்பினார்.

"அமிர்தம், போலீஸ் வந்திருக்காங்க. யாரு செத்துட்டாங்க?"

"நமக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லீங்க," என்றது பெட்டி. "நீங்க டீயைக் குடிங்க. ஆறிடப்போகுது."

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தார். நானும் குடித்தேன்.